விடுதலைக்கு இன்னொரு குற்றவாளி தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தொலைக்காட்சித் தொடர்களில் கொலை வழக்கு என்று ஒன்று வந்தால் அது எப்படி முடியும் என்பது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும். நாயகி கூண்டில் நிற்பாள். சாட்சிகள் எல்லோரும் அவளுக்கு எதிராகச் சொல்லி முடித்திருப்பார்கள். தீர்ப்பைச் சொல்ல நீதிபதி வாயைத் திறக்கும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் ஓடி வருவார், கையில் பென்டிரைவ் இருக்கும். அடுத்த ஐந்து நிமிடத்தில் உண்மைக் கொலையாளி சாட்சிக் கூண்டிலேயே உடைந்து அழுது ஒப்புக்கொள்வார். நாயகி வீட்டுக்குப் போவாள்.

நீதிபதி மரச்சுத்தியலைத் தட்டுவதும், சாட்சி கீதையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்வதும் நம் நீதிமன்றங்களில் இல்லாதவை. 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டத்தில் எந்த நூலின் மேலும் கை வைக்கச் சொல்லவில்லை. கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது மனசாட்சிப்படி உறுதி கூறலாம். இவை அலங்காரப் பிழைகள், போகட்டும். ஆனால் அந்தக் கடைசி ஐந்து நிமிடம் மக்கள் மனதில் பதிய வைக்கும் ஒரு தவறான பாடத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். கொலை செய்தவர் வேறு ஒருவர் என்று காட்டினால்தான் குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதி. அப்படிக் காட்டாமல் வெளியே வந்தால் அவர் தப்பித்துக்கொண்டவர் என்பதே அந்தப் பாடம்.

குற்றவியல் சட்டத்தில் எதிரித் தரப்புக்கு அந்த வேலையே கிடையாது. (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத் தமிழில் ‘எதிரி’ என்றே எழுதுகிறோம்.) யார் செய்தது என்று துப்பறிவது காவல்துறையின் பொறுப்பு. இவர்தான் செய்தார் என்று மெய்ப்பிப்பது அரசு வழக்கறிஞரின் பொறுப்பு. எதிரியின் வழக்கறிஞர், அரசுத் தரப்பு கொண்டுவந்த வழக்கில் நியாயமான ஐயம் எங்கே நீங்காமல் நிற்கிறது என்று காட்டினால் போதும். கொலை வழக்குகளில் கிடைக்கும் விடுதலைகளில் பெரும்பாலானவை அப்படிக் கிடைப்பவைதான். உண்மைக் கொலையாளி யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்புகளில் விடை இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை.

‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்ற சொற்றொடரை 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் தேடினால் கிடைக்காது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் அதைப் பொது விதியாக எழுதி வைக்கவில்லை. சட்டம் செய்திருப்பது வேறு. ஒரு சங்கதியைப் பற்றி நீதிமன்றம் மூன்று முடிவுகளுக்கு வரலாம் என்கிறது: மெய்ப்பிக்கப்பட்டது, பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படவில்லை. பழைய சட்டத்தில் இது 3ஆம் பிரிவு, புதியதில் 2ஆம் பிரிவு. தொடர் எழுதுபவர்களின் மனதில் முதல் இரண்டு மட்டுமே இருக்கின்றன. நடப்பில் விடுதலைகளில் மிகப் பல மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. ‘அவர் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும்’ என்று நீதிபதி சொல்வதில்லை. ‘அவர்தான் செய்தார் என்று என் முன் வைத்தவை போதவில்லை’ என்கிறார். அதற்குப் பிறகு அவரைச் சிறையில் வைக்க அரசுக்கு உரிமை இல்லை.

‘நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்’ என்ற வாசகத்துக்கு இன்றுள்ள அழுத்தத்தைத் தந்தது, அன்று இங்கிலாந்தின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1935இல் உல்மிங்டன் வழக்கில் சொன்ன தீர்ப்பு. தன்னை விட்டுப் பிரிந்துபோன மனைவியைத் துப்பாக்கியால் சுட்டதாக ஓர் இளம் பண்ணைத் தொழிலாளி மீது வழக்கு. துப்பாக்கி தற்செயலாக வெடித்தது என்றார் அவர். அது விபத்து என்று மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே என்று விசாரணை நீதிபதி ஜூரிக்கு (குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கு) சொன்னார், தண்டனை விழுந்தது. அந்த அறிவுரையே தவறு என்று சொல்லிப் பிரபுக்கள் சபை தண்டனையை ரத்து செய்தது. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை தொடக்கம் முதல் இறுதி வரை அரசுத் தரப்பின் மேல்தான். நம் உச்ச நீதிமன்றமும் இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டது. 1973இல் சிவாஜி சாகப்ராவ் போப்டே வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்க வேண்டும்’ என்பதற்கும் நடுவே உள்ள தூரம் நீண்டது என்று எழுதினார்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். 1945இல் ஜூரியுடன் நடந்த விசாரணையில் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. அன்று நம் நாட்டுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறுபடி கேட்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அவர்களை வெளியே அனுப்புவதற்காக, அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தவர் வேறு யார் என்று நீதிமன்றம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வந்த அவர்களிடம் அதைக் கேட்கவும் யாருக்கும் உரிமை இருக்கவில்லை.

ஐயம் பிறக்கும் இடம் எது என்பதில்தான் தொடர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் இடைவெளி மிக அதிகம். அது பெரும்பாலும் உணர்ச்சி பொங்கும் வாதத்தில் பிறப்பதில்லை. காகிதங்களில் எழுதியிருக்கும் நேரங்களில் பிறக்கிறது. கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். இரவு 8 மணிக்கு வெட்டு விழுகிறது. 8.40க்கு அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் மருத்துவர், ‘அடையாளம் தெரியாத இருவர் கத்தியால் தாக்கியதாகக் கூறப்படுகிறது’ என்று எழுதுகிறார். காவல் நிலையத்தில் 9.30க்குப் பதிவானதாகச் சொல்லப்படும் எஃப்.ஐ.ஆரில் நான்கு பேரின் பெயரும், அவர்களுடைய தந்தையர் பெயரும், யார் எந்த ஆயுதத்தால் உடம்பில் எந்த இடத்தில் வெட்டினார் என்பதும் வரிசையாக இருக்கின்றன. அந்த எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்குப் போய்ச் சேர்ந்தது மறுநாள் பகல் 1 மணிக்கு. காவல் நிலையத்துக்கும் அவர் வீட்டுக்கும் தூரம் 6 கிலோமீட்டர்.

கொலை வழக்கில் எஃப்.ஐ.ஆரை ஒரு காவலர் கையில் கொடுத்து உடனே மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். வாங்கும்போது அவர் நேரம் குறித்துக் கையெழுத்திடுவார். அந்தச் சிறு கையெழுத்துதான் பல வழக்குகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. 9.30க்கே எழுதியிருந்தால் 6 கிலோமீட்டர் போகப் பதினைந்தரை மணி நேரம் ஏன்? இரவெல்லாம் உட்கார்ந்து பேசி, முன்பகை உள்ளவர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதிவிட்டு, நேரத்தை மட்டும் முன்தேதியிட்டிருக்கலாமா? அடுத்ததாகப் பிரேத விசாரணை அறிக்கையைப் பார்ப்போம். அதில் குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். பதிவாகும்போது தரப்படும் எண்) இருக்கிறதா, எதிரிகளின் பெயர்கள் இருக்கின்றனவா, குற்ற எண் மட்டும் வேறு மையில் இருக்கிறதா? நேரில் பார்த்தவர் என்று சொல்லப்படுபவரின் வாக்குமூலம் எந்தத் தேதியில் நீதிமன்றத்துக்கு வந்தது? சம்பவத்தின் மறுநாளா, மூன்று மாதம் கழித்துக் குற்றப்பத்திரிகையோடா? காவல்துறை வரைந்த மாதிரி வரைபடத்தில் தெருவிளக்கு காட்டப்பட்டிருக்கிறதா? இரவு 8 மணிக்கு முகம் தெரிந்தது என்று சாட்சி சொல்லும்போது எந்த வெளிச்சத்தில் தெரிந்தது என்ற கேள்வி வரும். பிரேதப் பரிசோதனையில் இரைப்பையில் செரிக்காத உணவு எவ்வளவு இருந்தது, அது சாவு நேரத்தோடு பொருந்துகிறதா என்பதும் வரும்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் வழக்கு விழுந்துவிடாது. தாமதத்துக்கு விளக்கம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும். காயம்பட்டவரைக் காப்பாற்ற ஓடியவர்கள் காவல் நிலையத்துக்குப் பிந்திப் போவது இயல்பு. மாஜிஸ்திரேட் விடுப்பில் இருந்து, பொறுப்பு மாஜிஸ்திரேட் வேறு ஊரில் இருந்திருக்கலாம். விளக்கமே இல்லாதபோதுதான் தாமதம் பேசத் தொடங்குகிறது. 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு இதற்குப் பாடமாக இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. இரண்டு மைல் தூரத்தில் காவல் நிலையம். புகார் போனது 20 மணி நேரத்துக்கு மேல் கழித்து. மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த எதிரி விடுதலையானார்.

அடுத்தது குறுக்கு விசாரணை. தொடரில் வழக்கறிஞர் ஒரு தாளை ஆட்டி, “போலீஸில் ஒன்று சொன்னீர்கள், இங்கே ஒன்று சொல்கிறீர்கள், நீங்கள் பொய் சாட்சி!” என்று கத்தினால் வேலை முடிந்தது. நிஜத்தில் அந்தத் தாளுக்கு நேரடி மதிப்பு கிடையாது. காவல்துறை விசாரணையின்போது சாட்சி சொன்னதை அதிகாரி எழுதிக்கொள்வது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161, அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 180ஆம் பிரிவின்படி. அதில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது. அரசுத் தரப்பு சாட்சி ஒருவர் நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும்போது, அந்த முரணைக் காட்ட மட்டுமே எதிரித் தரப்பு அதைப் பயன்படுத்தலாம்.

அதற்கும் முறை உண்டு. முதலில் சாட்சி இப்போது சொல்வதை ஐயத்துக்கு இடமின்றிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பிறகு பழைய வாக்குமூலத்தில் முரணான அந்த வரியை மட்டும் வாசித்துக் காட்டி, ‘இப்படிச் சொன்னீர்களா’ என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால் முரண் அங்கேயே மெய்ப்பிக்கப்பட்டுவிடும். ‘அப்படிச் சொல்லவில்லை’ என்றால் அந்த வரி குறித்து வைக்கப்படும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துப் புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது, ‘இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா’ என்று அதே வரியைக் காட்டிக் கேட்க வேண்டும். அவர் ஆமாம் என்றால்தான் முரண் சட்டப்படி சாட்சியமாகிறது. அதிகாரியிடம் கேட்க மறந்தால் சாட்சியிடம் அரை நாள் கேட்டதெல்லாம் வீண். இளம் வழக்கறிஞர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. இப்போது சொல்லும் முக்கியமான சங்கதியை அப்போது சொல்லாமல் விட்டிருந்தாலும் இதே வழிதான்: ‘போலீஸில் சொன்னேன்’ என்று சாட்சியிடமும், ‘சொல்லவில்லை’ என்று அதிகாரியிடமும் வாங்க வேண்டும்.

காவல் நிலையத்தில் எதிரி எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிபதியிடம் நீட்டும் காட்சியும் நடக்காத ஒன்று. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. விலக்கு ஒன்றே. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருளோ சங்கதியோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அதோடு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். இது பழைய சாட்சியச் சட்டத்தில் 27ஆம் பிரிவு, புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவின் காப்புரை. ‘இந்த அரிவாளால்தான் அவனை வெட்டினேன்; அதை வாய்க்கால் மதகுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்’ என்று எதிரி சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி நீதிபதியின் கண்ணுக்கே வரக் கூடாது. இரண்டாம் பாதி வரலாம். 1946 டிசம்பரில் புலுகுரி கோட்டய்யா வழக்கில் பிரிவி கவுன்சில் வகுத்த கோடு இது. ஏற்கப்படும் பாதியும் சும்மா ஏற்கப்படுவதில்லை. மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் ஆவணத்தில்) கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலர் அந்த நேரத்தில் உண்மையில் அங்கே இருந்தாரா, கைது நேரமும் வாக்குமூல நேரமும் கைப்பற்றிய நேரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா, அந்த இடம் யாரும் வந்துபோகும் திறந்தவெளியா, அரிவாள் சீல் வைக்கப்பட்டதா, நிலையத்தில் எத்தனை நாள் கிடந்துவிட்டு நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் துறைக்குப் போனது என்று பார்ப்பார்கள். ‘மனித ரத்தம், வகை கண்டறிய இயலவில்லை’ என்று அறிக்கை வந்தால், அது இறந்தவரின் ரத்தம் என்பதற்கு அந்த வரி சாட்சியாகாது.

உண்மை கண்டறியும் சோதனை என்று ஊசி போட்டுப் பேச வைப்பதைப் பற்றி ஒரு வரி. சம்மதமின்றி நார்கோ, பாலிகிராஃப், மூளை வரைபடச் சோதனைகளை நடத்தக் கூடாது என்று 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி அந்தக் கடைசி ஐந்து நிமிடம். எதிரியைக் கூண்டில் ஏற்றி அரசு வழக்கறிஞர் குடைந்து கேட்க முடியாது. எதிரி தானே எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் மட்டுமே சாட்சியாக ஏறலாம். நீதிபதி கேட்கும் கேள்விகளுக்கு அவர் சொல்லும் பதில் சத்தியப் பிரமாணத்தின் மேல் சொல்வது அல்ல. பதில் சொல்லாமலும் இருக்கலாம். திடீர்ச் சாட்சியும் இல்லை. அரசுத் தரப்பு சாட்சிகளின் பட்டியலும் வாக்குமூல நகல்களும் எதிரிக்கு முன்பே கொடுக்கப்படும். புதிதாக ஒருவரை அழைக்க மனுப் போட்டு, எதிர்த்தரப்பைக் கேட்டு, உத்தரவு பெற வேண்டும். பென்டிரைவுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதன் இரண்டு பகுதிகளில் ஒன்றைக் கருவிக்குப் பொறுப்பானவரும் மற்றொன்றை நிபுணரும் கையெழுத்திட்டு, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) குறிப்பிட வேண்டும். அந்த எண் பொருந்தாவிட்டால் பதிவு மாற்றப்பட்டதோ என்ற கேள்வி எழும்.

சாட்சிக் கூண்டில் நிற்பவர் ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லிவிட்டாலும் கதை அங்கே முடிவதில்லை. தன்னைக் குற்றத்தில் சிக்க வைக்கும் கேள்வி என்பதற்காகச் சாட்சி பதில் சொல்ல மறுக்க முடியாது. ஆனால் நீதிமன்றம் வற்புறுத்திப் பெற்ற அந்தப் பதிலை, பொய் சாட்சி சொன்ன குற்றத்துக்குத் தவிர, அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் 132, புதியதில் 137ஆம் பிரிவு. அவரையும் எதிரியாகச் சேர்க்கலாம் என்று நீதிபதி கருதினால், அவரைப் பொறுத்தவரை விசாரணை முதலிலிருந்து தொடங்கி, சாட்சிகளை மறுபடி விசாரிக்க வேண்டும். அவருக்கும் அதே ஐயத்தின் பாதுகாப்பு உண்டு.

நேரில் பார்த்தவர் இல்லாத வழக்குகளில் தொடர்கள் செய்யும் தவறு இன்னும் ஆழமானது. எதிரி ஒரு பொய் சொன்னார் என்று காட்டியதும் குற்றம் நிரூபணமாகிவிட்டதுபோல இசை எழும்பும். 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சூழ்நிலைச் சாட்சியத்துக்கு ஐந்து நிபந்தனைகள் வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுதாக மெய்ப்பிக்கப்பட வேண்டும். அவை எதிரியின் குற்றத்தோடு மட்டுமே பொருந்த வேண்டும். முடிவாக அதையே சுட்ட வேண்டும். வேறு எந்த விளக்கத்துக்கும் இடம் தரக் கூடாது. சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடக் கூடாது. எதிரியின் பொய், முழுமையான சங்கிலிக்குக் கூடுதல் வலு சேர்க்கலாம். அறுந்த கண்ணிக்கு மாற்றாக அது வராது. பயந்தவரும் பொய் சொல்வார், மானத்துக்கு அஞ்சியவரும் சொல்வார் என்பது நீதிமன்றங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் சொன்னதால், எந்த ஐயமும் விடுதலை தரும் என்று யாரும் கொள்ள வேண்டாம். தொடர்கள் சில சமயம் இந்தப் பக்கமும் தவறுகின்றன: ஒரு சாட்சி சட்டையின் நிறத்தை மாற்றிச் சொன்னதும் வழக்கு தவிடுபொடியாகிவிடும். ஐயம் நியாயமானதாக இருக்க வேண்டும். சாட்சியத்திலிருந்து எழ வேண்டும். கற்பனைத் திறத்திலிருந்து அல்ல. சிவாஜி போப்டே தீர்ப்பிலேயே கிருஷ்ணய்யர், அற்ப ஐயங்களுக்கெல்லாம் விடுதலை தந்தால் சட்டத்தின் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை போய்விடும் என்று எச்சரித்திருக்கிறார். ஒரு சங்கதியில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய் சொன்னவர் என்ற விதி இந்தியாவில் இல்லை. பதரை நீக்கி நெல்லை எடுப்பதுபோல் நம்பத்தக்கதைப் பிரித்து எடுக்க வேண்டும் என்பதே நம் முறை. இறந்தவரின் உறவினர் என்பதற்காகவும் சாட்சியை ஒதுக்க முடியாது. புலனாய்வில் ஓட்டை இருப்பதாலேயே எதிரியை விட்டுவிட்டால், வழக்கை வேண்டுமென்றே கெடுத்த அதிகாரிக்குப் பரிசு கொடுத்ததாகும் என்று 1995இல் கர்னேல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

சாட்சிகளின் எண்ணிக்கையும் பொருட்டல்ல. 1957இல் தீர்க்கப்பட்ட வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் வழக்கில், கொலையுண்டவரின் மனைவி ஒருவரின் சாட்சியத்தின் மேலேயே தண்டனை நின்றது. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவே உள்ளவர் என்று சாட்சிகளை மூன்றாக அந்தத் தீர்ப்பு வகுத்தது. மூன்றாம் வகையினருக்குத்தான் வேறு ஆதரவுச் சாட்சியம் தேவை. நாடு முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்த வகைப்பாடு நம் மண்ணின் வழக்கு ஒன்றில் பிறந்தது.

தன்னை அழைத்த தரப்புக்கு எதிராக மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியைப் பற்றியும் இதே குழப்பம். சாட்சி பிறழ்ந்தால் அவர் சொன்னது முழுதும் அழிந்துபோவதில்லை. நம்பத்தக்க பகுதியை நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். அவர் ஏன் பிறழ்கிறார் என்பதைத்தான் தொடர்கள் காட்ட வேண்டும். முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விட்டால், அந்த இடைவெளியில் மிரட்டலும் பணமும் உறவும் வேலை செய்கின்றன. 2015இல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் அந்த இடைவெளி ஓராண்டு எட்டு மாதம். முதலில் தெளிவாகச் சொன்ன சாட்சி பிறகு மாறிவிட்டார். இரண்டையும் கூடுமானவரை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் அழுத்திச் சொன்னது.

சில சட்டங்களில் சுமை ஓரளவு மாறுகிறது. போக்சோ, போதைப்பொருள் தடுப்பு, வரதட்சணை மரணம் போன்றவற்றில் அனுமானங்கள் உண்டு. அங்கும் அடிப்படைச் சங்கதிகளை அரசுத் தரப்பு முதலில் மெய்ப்பித்தாக வேண்டும்.

இந்த வேறுபாடெல்லாம் வழக்கறிஞர்களுக்குள் பேசிக்கொள்ளும் நுணுக்கம் என்று தோன்றலாம். விடுதலையான இளைஞனுக்கு அது பிழைப்பையே தொடும் விஷயம். தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி) விதிக்கு உள்ள விளக்கம், சந்தேகத்தின் பலனிலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கிறது. ‘கௌரவமான விடுதலை’ என்ற ஒன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை என்பதை 2012இல் தமிழ்நாட்டிலிருந்து போன சமுத்திரம் வழக்கில் உச்ச நீதிமன்றமே குறித்திருக்கிறது. ஆனால் பணி விவகாரங்களில் அந்த வேறுபாடு பார்க்கப்படுகிறது. ஊர்த் தகராறில் பத்துப் பேரோடு சேர்த்து எழுதப்பட்ட ஒரு பெயர். அவனைப் பற்றி எந்தச் சாட்சியும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் வழக்கமான வாய்ப்பாடாக ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று எழுதிவிட்டால், காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் உடல் தகுதியும் தாண்டி வந்தவன் அந்தச் சொற்களில் தடுக்கி நிற்கிறான். சாட்சியமே இல்லாத வழக்கில் அவ்வாறே பதிவு செய்யும்படி எதிரித் தரப்பு வழக்கறிஞர்கள் இறுதி வாதத்திலேயே எழுத்து மூலம் கேட்க வேண்டும். விசாரணை நீதிபதிகளும் அந்த வாய்ப்பாட்டை எல்லா விடுதலைக்கும் பொதுவாகப் போடாமல் இருக்க வேண்டும்.

தொடர் தயாரிப்பாளர்களிடம் என் வேண்டுகோள், ஒரே ஒரு வழக்கையாவது உண்மைக் கொலையாளி அகப்படாமல் முடித்துக் காட்டுங்கள் என்பதே. விபத்துப் பதிவேட்டின் ஒரு வரியும் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து நேரமும் ஒரு மனிதரை விடுவிப்பதில் போதுமான நாடகம் இருக்கிறது. இறந்தவரின் தாய்க்கு விடை கிடைக்காமல் போவதன் வலியையும் அதே காட்சியில் காட்டுங்கள். அந்த விடையைத் தேடித் தர வேண்டிய கடமை புலனாய்வைச் சரியாகச் செய்யாதவர்களுடையது, விடுதலையானவருடையது அல்ல என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

தங்கள் நாளிதழ் உள்ளிட்ட பத்திரிகைகளிடமும் இரண்டு வேண்டுகோள்கள். விடுதலைச் செய்தியில் ‘போதிய ஆதாரம் இல்லாததால்’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், காரணத்தை எழுதுங்கள். சாட்சிகள் பிறழ்ந்தார்களா, நேரில் பார்த்ததாகச் சொன்னவரை நீதிபதி நம்பவில்லையா, தடயம் பொருந்தவில்லையா? மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏற்றப்படுகின்றன. வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருந்தால் தேடி எடுக்கலாம். காரணங்கள் பெரும்பாலும் கடைசிச் சில பக்கங்களில் இருக்கும். அரசு மேல்முறையீடு செய்ததா, பாதிக்கப்பட்டவர் தமக்குள்ள மேல்முறையீட்டு உரிமையைப் பயன்படுத்தினாரா என்பதையும் பின்னர் கேட்டு வெளியிடுங்கள்.

இரண்டாவது, கைதானவர்களின் முகப்படம். எதிரியை முன்பின் அறியாத சாட்சி இருக்கும் வழக்கில், மாஜிஸ்திரேட் முன் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். அதற்கு முன் பத்திரிகையில் படம் வந்துவிட்டால், சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவத்தில் பார்த்த முகத்தையா, காலையில் தேநீர்க் கடையில் பத்திரிகையில் பார்த்த முகத்தையா என்று குறுக்கு விசாரணையில் கேட்கப்படும். அந்தக் கேள்விக்கு அரசுத் தரப்பிடம் பதில் இருக்காது. எதிரி நிரபராதி என்றால் அந்தப் படம் அவர் வாழ்நாள் முழுவதும் கூட வரும். குற்றவாளி என்றால் அதுவே அவருடைய விடுதலைக்கான முதல் காரணமாகிவிடும். அணிவகுப்பு முடிந்ததா என்று புலனாய்வு அதிகாரியைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே முகத்தை வெளியிடுவது என்று ஆசிரியர் குழு ஒரு விதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குற்றவியல் வழக்கறிஞர்,
திருச்சிராப்பள்ளி.